கடைமடைக்குத் தண்ணீர் வருமா? எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகமும் என் பயமும்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ரூமில் உட்கார்ந்து பேசவில்லை. நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்புக்கு வந்திருக்கிறேன். பின்னால் தெரிகிறது பாருங்கள், வெண்ணாறு இங்கேதான் மூன்றாகப் பிரிகிறது. பாமணியாறு ஒன்று, கோரையாறு ஒன்று, வெண்ணாறு என்ற பேரிலேயே மேற்கொண்டு போவது ஒன்று. சம்பா நடவு முடிந்த நேரம், மூன்றிலும் தண்ணீர் ஓடுகிறது. கேம் பற்றிப் பேசுகிறவனுக்கு ஆற்றங்கரையில் என்ன வேலை என்றுதானே கேட்கிறீர்கள்? அங்கேதான் வருகிறேன்.

போன வாரம் சித்தி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். காலேஜ் இரண்டாம் வருஷம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் வரிசையின் ஐந்தாம் பாகமான ஸ்கைரிமை அப்போதுதான் முடித்திருந்தான், வாய் ஓயாமல் அதைப் பற்றியே பேச்சு. எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகத்தை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்று சொன்னதும் அவனுக்குப் புரியவில்லை. "புதுசா வருதுன்னா சந்தோஷம்தானே படணும், நீங்க ஏண்ணே பயப்படுறீங்க?" என்றான். அவனுக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கான பதில்தான் இந்த வீடியோ.

ஆறாம் பாகத்தின் டீசர் 2018 ஜூனில் வந்தது. மலை, கடற்கரை, இசை, தலைப்பு, அவ்வளவுதான். அதே வருஷம் நவம்பரில் கஜா புயல். எங்கள் தோப்பில் தென்னை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்கப்புறம் வைத்த கன்றுகள் வளர்ந்து இப்போது காய்க்கத் தொடங்கிவிட்டன. நான் அந்த கேமுக்காக எத்தனை நாளாகக் காத்திருக்கிறேன் என்பதை அந்த மரங்களை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறேன். இத்தனை வருஷம் காத்திருந்தவன் அது நன்றாக வரக்கூடாது என்று நினைப்பேனா? ஆசை பெரிது, அதனால்தான் பயமும் பெரிது. எளிதாக்கி எளிதாக்கி ஆழத்தை இழந்துவிடுமோ என்பதுதான் அந்தப் பயம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள். 2002இல் வந்த மூன்றாம் பாகம் மாரோவிண்டில் 27 ஸ்கில். 2006இல் நான்காம் பாகம் ஆப்ளிவியனில் 21. 2011இல் ஸ்கைரிமில் 18. வலிமை, அறிவு, வேகம் என்று முதல் இரண்டிலும் எட்டுப் பண்புகள் இருந்தன. ஸ்கைரிமில் அது மொத்தமாகப் போய், உயிர், மந்திர சக்தி, தெம்பு என்று மூன்று அளவுகள் மட்டும் மிஞ்சின. மாரோவிண்டில் மந்திரம் போட்டு ஆகாயத்தில் மிதக்கலாம். ஆப்ளிவியனில் நகரங்களை மதிலுக்குள் தனித்தனி இடமாக ஏற்றினார்கள், மதிலுக்கு மேலே பறந்து போனால் அந்தப் பக்கம் உண்மையான ஊர் இருக்காது, அதனால் மிதக்கிற மந்திரமே போய்விட்டது. நாமே மந்திரம் செய்துகொள்கிற வசதி ஸ்கைரிமில் இல்லை.

இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஆழம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குறைத்ததில் சிலது நல்லதுக்குத்தான். மாரோவிண்டில் கத்தி எதிராளி மேல் படுவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பகடை உருண்டு "தவறிவிட்டது" என்று முடிவாகும். ஆப்ளிவியனில் லெவல் ஏறும்போது பண்புக்கு முழுசாக ஐந்து புள்ளி வேண்டும் என்றால் எந்த ஸ்கில்லை எத்தனை முறை ஏற்றினோம் என்று பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து எழுத வேண்டும். நானும் எழுதியிருக்கிறேன். அதை ஆழம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. அதை எடுத்துப் போட்டது சரி.

எனக்கு வலிக்கிற இடம் வேறு.

மாரோவிண்டில் நாம் சேடா நீன் என்ற சின்னத் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்குகிறோம். கையில் ஒரு பொட்டலம். பால்மோரா என்ற ஊரில் ஒருவரிடம் சேர்க்க வேண்டும். போக வேண்டிய இடத்தைக் காட்டுகிற அம்புக்குறி திசைகாட்டியில் கிடையாது. ஊருக்குள் நாலு பேரிடம் கேட்க வேண்டும். பெரிய பூச்சி ஒன்றின் முதுகில் உட்கார்ந்து காசு கொடுத்துப் போகலாம், நடந்தும் போகலாம். அப்புறம் வருகிற வேலைகள் எல்லாமே இப்படித்தான். பாலத்தைத் தாண்டு, ஆற்றை ஒட்டிப் போ, பாறை பிளந்த இடத்தில் திரும்பு என்று சொல்வார்கள். சொன்னது நாட்குறிப்பில் ஏறும். சில இடத்தில் சொன்ன வழியே தப்பாக இருக்கும்! அரை மணி நேரம் சாம்பல் புயலில் சுற்றிவிட்டு, தேடாத ஒரு குகையைக் கண்டுபிடித்து, அதற்குள் போய், தேடி வந்ததை மறந்தேபோவோம்.

எங்கள் பெரியப்பா வழி சொல்வது அப்படியே இதுதான். "கீழக்கரையோடயே போ. ரெண்டாவது மதகைத் தாண்டினா ஒரு இலுப்பை மரம். அங்க தெற்கே இறங்கு. கருவேலங்காடு வந்துட்டா தாண்டிட்டேன்னு அர்த்தம், திரும்பி வா." இதைக் கேட்டுக்கொண்டு போனால் மதகு எது, வாய்க்கால் எது, யார் வயல் எங்கே என்று எல்லாம் மனசில் பதியும். போனில் மேப் பார்த்துப் போனால் போய்ச் சேருவோம், ஆனால் வந்த வழி நினைவில் நிற்காது. மாரோவிண்டில் நான் நடந்த வழிகள் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கின்றன. ஸ்கைரிமை 2012இல் கரண்ட் வருகிற நேரத்தில் எல்லாம் விடாமல் ஆடினேன், நூறு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அதில் ஒரு குகைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அம்புக்குறி இருந்த பக்கம் போனேன், அவ்வளவுதான்.

"பிடிக்கலேன்னா அம்புக்குறியை அணைச்சிடலாமே" என்று தம்பி கேட்டான். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நானும் அணைத்துப் பார்த்தேன். ஸ்கைரிமில் வேலை கொடுக்கிறவர் பெரும்பாலும் குகையின் பேரைச் சொல்வார், கொண்டுவர வேண்டிய பொருளைச் சொல்வார், வழி சொல்ல மாட்டார். அம்புக்குறி காட்டிவிடும் என்று நம்பியே அந்தப் பேச்சு எழுதப்பட்டிருக்கிறது. அதை அணைத்தால் சவால் கூடாது, குருட்டாட்டம்தான் மிஞ்சும். செட்டிங்கில் ஒரு பட்டனைக் கொடுத்துப் பழைய ஆழத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எழுதும்போதே அது உள்ளே இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது, சோம்பேறித்தனம் என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. மாரோவிண்டில் பெரும்பாலான பேச்சு எழுத்தில்தான் இருந்தது. ஆப்ளிவியனிலிருந்து எல்லா வசனத்துக்கும் குரல். வழியை ஒரு வரி மாற்றி எழுதினால் குரல் கொடுத்தவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அதனால் வசனம் சுருங்கும். இதைச் செய்கிற பெதஸ்டா நிறுவனத்தின் இன்னொரு கேமான ஃபால்அவுட் நான்காம் பாகத்தில், 2015இல், நம் கதாபாத்திரத்துக்கே குரல் கொடுத்தார்கள், எந்தப் பேச்சுக்கும் நான்கே பதில் என்று ஆயிற்று. குரல் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேசுவது நான் இல்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

சரி, இப்போது ஆற்றுக்கு வருகிறேன். தண்ணீர் பிரிகிற இந்தத் தலைப்பில் நின்று பார்த்தால் எப்போதும் தண்ணீர் நிறைய இருக்கிற மாதிரிதான் தெரியும். ஜூன் 12 மேட்டூரைத் திறந்தார்கள், கல்லணையைத் திறந்தார்கள் என்று பூ தூவுகிற படம் பேப்பரில் வரும். வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கிற கடைமடைக்காரர் அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டார். தன் வாய்க்காலில் கால் நனைந்தால்தான் நம்புவார். ஆர்பிஜி, அதாவது நாமே ஒரு கதாபாத்திரமாகி ஆடுகிற கேமில் நாம் எடுக்கிற முடிவும் இப்படித்தான். முடிவெடுக்கிற இடத்தில் இசையை ஏற்றி, திரையைச் சிவப்பாக்கி, இவனைக் காப்பாற்றவா அவனையா என்று பிரமாதமாகக் கேட்பார்கள். அது தலைப்பு. பத்து மணி நேரம் கழித்து, அடுத்த பாகத்தில், ஏதோ ஒரு சின்ன ஊரில் யாராவது அதை நினைவு வைத்திருக்கிறார்களா? அதுதான் கடைமடை.

மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளி கேமின் முதல் பாகத்தில், 2007இல், விர்மயர் என்ற கிரகத்தில் நம் அணியிலேயே இருக்கிற வேற்றுக்கிரகவாசி ரெக்ஸ் நம்மேல் துப்பாக்கியை நீட்டுவான். பேசிச் சரிக்கட்ட முடியாவிட்டால் அங்கேயே செத்துப்போவான். சேவ் ஃபைலை அடுத்த பாகத்துக்குக் கொண்டுபோகலாம். 2012இல் மூன்றாம் பாகத்தில் அவன் இனத்தின் தலையெழுத்தையே நாம் தீர்மானிக்கிற கட்டம் வரும். ரெக்ஸ் உயிரோடு இருந்தால் அந்த இனத்துக்கு ஒரு நல்ல தலைவன் இருப்பான். இல்லாவிட்டால் அந்த இடத்தில் ரீவ் என்ற முரடன் நிற்பான், நாம் எடுக்கிற முடிவே மாறிப்போகும். ஐந்து வருஷம் கழித்துத் தண்ணீர் வந்து சேர்ந்தது. அந்தக் கட்டத்தில் நான் விளையாடுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவுக்கும் அந்த மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சிக்கு எவ்வளவு கோபம் எழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். எந்த வழியில் வந்தாலும் கடைசியில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கிறது என்று சண்டை. அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் எனக்கு ஒன்று தோன்றும். இங்கே பிரிகிற பாமணியாறும் கோரையாறும் கடைசியில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம்தான் போய்ச் சேருகின்றன. அதற்காகப் பிரிந்ததே வீண் என்று யாராவது சொல்வார்களா? பாமணியாறு மன்னார்குடிப் பக்கம் போகிறது, கோரையாறு வேறு ஊர்களுக்குப் பாய்கிறது. முடிவு ஒரே கடலாக இருக்கட்டும். நடுவில் எந்த வயல் நனைந்தது என்பது வேறு வேறாக இருந்தால் எனக்குப் போதும்.

டிராகன் ஏஜ் கேம் வரிசையில் இது வறண்டுபோனதைக் கண்ணால் பார்த்தோம். 2014இல் இன்குவிசிஷன் வந்தபோது முதல் இரண்டு பாகத்தில் என்னென்ன செய்தோம் என்று குறித்துக் கொடுக்கவே கீப் என்று தனியாக ஒரு இணையதளம் வைத்தார்கள். 2024இல் வெய்ல்கார்ட் வந்தது. பழைய முடிவுகளில் மூன்றே மூன்றைத்தான் கேட்டார்கள். சண்டை நன்றாக இருந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. ஆனால் 2009இல் ஆரிஜின்ஸில் நான் யாரை அரியணையில் உட்கார வைத்தேன் என்பது அந்த உலகத்துக்குத் தெரியவே தெரியாது. பதினைந்து வருஷம் கூடவே வந்தவனை வாசலில் நிறுத்தி நீ யார் என்று கேட்ட மாதிரி இருந்தது எனக்கு.

"ஆழமா எடுத்தா விக்காது" என்று ஒரு பேச்சு உண்டு. பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகம் 2023இல் வந்தது. பகடை உருட்டுகிற, முறை வைத்துச் சண்டை போடுகிற கேம். செத்தவனோடு பேசலாம், அணிலோடும் பேசலாம், முக்கியமானவரைக் கொன்றாலும் கதை வேறு வழியில் ஓடும். அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருதை அதுதான் வாங்கியது. கிங்டம் கம் முதல் பாகத்தில் ஹார்ட்கோர் என்ற கடினமான முறையில் ஆடினால் வரைபடத்தில் நாம் நிற்கிற இடம்கூடத் தெரியாது. 2025இல் இரண்டாம் பாகம் வந்தது, பிடிவாதத்தை விடவில்லை, ஜனங்கள் வாங்கினார்கள். பெதஸ்டாவே 2023இல் ஸ்டார்ஃபீல்டில் நம் கதாபாத்திரத்தின் குரலை எடுத்துவிட்டு, வசனங்களைத் திரும்பவும் நம் கையில் கொடுத்தது. அதில் கிரகத்துக்குக் கிரகம் மெனுவில் தாவுவது எனக்குப் பிடிக்கவில்லை, நடந்து போய்த் தொலைகிற சுகம் அதில் இல்லை. ஆனாலும் அவர்களுக்குக் காது கேட்கிறது என்று அது காட்டியது.

மாரோவிண்டில் இன்னொன்று. கதைக்கு வேண்டிய ஆளை நாம் கொன்றுவிட்டால் விதியின் இழை அறுந்துவிட்டது என்று சொல்லும், பழைய சேவுக்குப் போ, இல்லை நீயே கெடுத்த இந்த உலகத்தில் இரு என்று விட்டுவிடும். ஆப்ளிவியனில் அதே மாதிரி ஆள் மயங்கி விழுந்து கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடுவார். நான் தப்புச் செய்வேன் என்று நம்பி, அதன் பலனை என் தலையில் போட்ட கேம் எனக்கு மரியாதை கொடுத்தது. ஆறாம் பாகத்திடம் நான் கேட்பது இந்த மரியாதையைத்தான். 27 ஸ்கில் வேண்டாம், பன்னிரண்டு போதும். வந்த அன்றைக்கு முதல் வேலையாக அம்புக்குறியை அணைத்துவிட்டு, எதிரில் வருகிற ஆளிடம் அடுத்த ஊருக்கு வழி கேட்பேன். அவர் சொன்னால் சரி.

இருட்டப் போகிறது, மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் ஷட்டர் பக்கம் வந்துவிட்டார், நானும் கிளம்புகிறேன். தம்பிக்கு மாரோவிண்டைப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். நேற்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்கிறான். "அண்ணே, பால்மோரா எந்தப் பக்கம்ணே? ஒரு மணி நேரமா சுத்துறேன்." வழியில் கைகாட்டிப் பலகை இருக்கும், நின்று படி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.