கேமராவை மாற்றும்போது பழைய லென்ஸ்களை விற்பதா, வைத்துக்கொள்வதா?

[திரையில்: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், விடிவதற்கு முந்தைய இருள். ஏலக்கூடத்தின் விளக்குகள்.]

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் திருமணப் படமெடுத்துத் தொழில் செய்கிறவர்களில் பலர், உள்ளே கண்ணாடி (மிரர்) ஏறி இறங்கும் டிஎஸ்எல்ஆரிலிருந்து கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். புதிய பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) எது என்பதைத் தேர்ந்தெடுக்க எல்லோரும் நிறைய நேரம் செலவிடுகிறார்கள். பையில் ஏற்கெனவே இருக்கும் லென்ஸ்களை என்ன செய்வது என்பதை மட்டும் கடையில் நின்றபடியே முடிவு செய்துவிடுகிறார்கள். பழைய பாடியோடு சேர்த்து லென்ஸ்களையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்லும்போது, அந்த லென்ஸ்கள் ஒவ்வொன்றும் புதிய கேமராவில் எப்படி வேலை செய்யும் என்பது தெரியாமல் தலையாட்டக் கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம்.

[திரையில்: டிஎஸ்எல்ஆரும் மிரர்லெஸ்ஸும் குறுக்குவெட்டில், பக்கம் பக்கமாக.]

லென்ஸைப் பொருத்தும் வளையத்துக்கும் படம் பதியும் சென்சாருக்கும் இடையே ஒவ்வொரு மவுன்டிலும் (லென்ஸ் பூட்டும் அமைப்பிலும்) மாறாத ஒரு தூரம் உண்டு. டிஎஸ்எல்ஆரில் அந்த இடைவெளிக்குள் கண்ணாடி ஏறி இறங்க வேண்டியிருந்ததால் தூரம் அதிகம்: கேனானின் ஈஎஃப் மவுன்டில் 44 மி.மீ., நிக்கானின் எஃப் மவுன்டில் 46.5 மி.மீ. மிரர்லெஸ்ஸில் கண்ணாடி இல்லாததால் கேனானின் ஆர்எஃப் மவுன்டில் அது 20 மி.மீ. ஆகவும், நிக்கானின் இசட் மவுன்டில் 16 மி.மீ. ஆகவும், சோனியின் இ மவுன்டில் 18 மி.மீ. ஆகவும் குறைந்துவிட்டது. பழைய லென்ஸ் எதிர்பார்க்கும் தூரத்துக்கும் புதிய பாடியில் இருக்கும் தூரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிரப்பும் வெற்றுக் குழாய்தான் அடாப்டர். கேனானில் அந்தக் குழாயின் நீளம் 24 மி.மீ. உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை என்பதால், படத்தின் தரத்தை அது தொடுவதே இல்லை.

எதிர்த்திசையில் இது நடக்காது. ஆர்எஃப் லென்ஸை எந்த அடாப்டர் போட்டாலும் பழைய டிஎஸ்எல்ஆரில் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

[திரையில்: கேனான் அடாப்டரில் 70-200 லென்ஸ் பூட்டப்படுகிறது.]

கேனானிலிருந்து கேனானுக்கே மாறுகிறவர்களுக்கு முடிவு எளிது. 1987-இல் ஈஎஃப் மவுன்டு வந்தபோதே பாடிக்கும் லென்ஸுக்கும் இடையிலான பேச்செல்லாம் மின்தொடர்பு வழியாகத்தான் என்று அந்த நிறுவனம் தீர்மானித்துவிட்டது. ஃபோகஸ் மோட்டாரும் அபர்ச்சர் (ஒளித்துளை) மோட்டாரும் லென்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் ஈஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆட்டோஃபோகஸோடு இயங்குகின்றன. சில நேரங்களில் முன்பைவிட நன்றாகவே இயங்குகின்றன. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸைக் கணித்தது தனியான ஓர் உணரி என்பதால், 50 மி.மீ. எஃப் 1.8 போன்ற லென்ஸில் மணப்பெண்ணின் கண்ணுக்குப் பதிலாகக் காதோரம் தெளிவாக விழுவது உண்டு. மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரிலேயே ஃபோகஸ் கணிக்கப்படுவதால் அந்தப் பிசகுக்கு இடம் மிகக் குறைவு. பாடிக்குள் நடுக்கத் தடுப்பு உள்ள ஆர்6 போன்ற கேமராவில், அந்த வசதியே இல்லாத பழைய 50 மி.மீ. லென்ஸுக்கும் 85 மி.மீ. லென்ஸுக்கும் அதுவும் கூடுதலாகக் கிடைக்கிறது.

டிராப்-இன் ஃபில்டரை உள்ளே செருகும் அடாப்டர் ஒன்றையும் கேனான் விற்கிறது. உச்சி வெயிலில் எண்ணூர் கடற்கரையில் வீடியோ எடுக்கிறவர், ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனி அளவில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வாங்காமல், அந்த ஒற்றை ஃபில்டரையே எல்லா ஈஎஃப் லென்ஸுக்கும் பயன்படுத்தலாம். புதிய ஆர்எஃப் லென்ஸில் இந்த வழி இல்லை. வீடியோவே முதன்மைத் தொழில் என்றால், இதற்காகவே பழைய லென்ஸ்களை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி பாடிகளுக்கான ஈஎஃப்-எஸ் லென்ஸ்களை, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் பாடியில் போட்டால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 20 மெகாபிக்சல் ஆர்6-இல் மிஞ்சுவது 8 மெகாபிக்சலுக்கும் குறைவு. 12-க்கு 18 அங்குல ஆல்பம் பக்கத்தை நிரப்ப அது போதாது. அவற்றை விற்றுவிடுங்கள். கேனானின் முந்தைய மிரர்லெஸ் மவுன்டான ஈஎஃப்-எம் லென்ஸ்களுக்கோ அடாப்டரே கிடையாது. அந்த மவுன்டின் தூரம் 18 மி.மீ. என்பதால் குழாய்க்கு இடமே இல்லை.

[திரையில்: நிக்கான் லென்ஸின் பின்புறம். திருகு முனை அருகிலிருந்து.]

நிக்கான்காரர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். எஃப் மவுன்டு 1959-இல் வந்தது. அத்தனை தலைமுறை லென்ஸ்களும் ஒரே வளையத்தில் பூட்டிக்கொள்வதால் எல்லாம் ஒன்றுபோலவே இயங்கும் என்று தோன்றும். லென்ஸின் பின்புற வளையத்தில் சிறிய திருகு முனை தெரிந்து, லென்ஸின் பெயரில் ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ இல்லாமல் வெறும் ஏஎஃப் என்று மட்டும் இருந்தால், அதன் ஃபோகஸைச் சுழற்றும் மோட்டார் பழைய பாடிக்குள் இருந்தது என்று பொருள். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. நம் ஊரில் ஏராளமானோர் கையில் இருக்கும் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ், இசட் பாடியில் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸாகிவிடும். கோயில் கோபுரத்துக்கோ பொருள் படத்துக்கோ அது தடையில்லை. தாலி கட்டும் நொடிக்கு அதை நம்பி நிற்க முடியாது. ஏஎஃப்-எஸ் லென்ஸ்களில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். சிக்மா, டாம்ரான் லென்ஸ்களில் சிலவற்றுக்கு ஃபர்ம்வேர் (உள்மென்பொருள்) புதுப்பித்தல் தேவைப்படும். ஆகவே உங்கள் லென்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் பூட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

[திரையில்: மூன்று நிறுவனங்களின் மவுன்டுகள்.]

நிறுவனமே மாறுகிறது என்றால் கணக்கு வேறு. கேனான் லென்ஸைச் சோனி பாடியில் பொருத்தும் அடாப்டர்கள் உண்டு. சிக்மாவின் எம்சி-11 நன்கு அறியப்பட்ட ஒன்று. ஆனால் சிக்மா தன் சொந்த லென்ஸ்களுக்குத்தான் பொறுப்பேற்கிறது. கேனானின் லென்ஸ்கள் அதில் எப்படி இயங்கும் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். புகைப்படத்தில் ஓரளவு ஒத்துழைக்கும் லென்ஸ், வீடியோவில் ஃபோகஸைத் தேடித் தடுமாறலாம். கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு இது ஏற்றதன்று. நிறுவனம் மாறுகிறவர்கள் கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்பதே நல்லது. ஃபிளாஷ் பொருத்தும் ஷூவின் மின்தொடர்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், ஃபிளாஷை இயக்கும் ட்ரிகர் வாங்கும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

[திரையில்: மண்டபத்தில் இரண்டு பாடிகளுடன் வேலை.]

முன்பு மனத்தில் வைக்கச் சொன்ன செய்தி இப்போது தேவைப்படுகிறது. திருமணத்துக்கு இரண்டு பாடிகள் இல்லாமல் யாரும் போவதில்லை. புதிய மிரர்லெஸ் ஒன்றை வாங்கிவிட்டு, பழைய டிஎஸ்எல்ஆரை இரண்டாவதாக வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், இரண்டிலும் பூட்டக்கூடியவை பழைய லென்ஸ்கள் மட்டும்தான். முகூர்த்த நேரத்தில் ஒரு பாடி நின்றுபோனால், 70-200-ஐ அடுத்த பாடிக்கு மாற்ற முடிய வேண்டும். இரண்டாவது பாடியும் மிரர்லெஸ் ஆகும் வரை, பெரும்பாலான வேலைக்கு நீங்கள் நம்பியிருக்கும் இரண்டு லென்ஸ்களை விற்காதீர்கள். அவை எவை என்பதை ஞாபகத்தை வைத்துச் சொல்லாமல், சென்ற சீசனின் படங்களை லைட்ரூம் மென்பொருளில் லென்ஸ்வாரியாகப் பிரித்துப் பாருங்கள்; பையில் மாதக்கணக்கில் தூங்கும் லென்ஸ் தானாகவே தெரியவரும். விற்க வேண்டியது அதைத்தான்.

[திரையில்: டார்ச் வெளிச்சத்தில் லென்ஸின் உட்புறம்.]

அதையும் தள்ளிப்போடக் கூடாது. கடலோர ஈரக்காற்றில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், மூடிய பையில் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த லென்ஸுக்கு விலை விழுந்துவிடும். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, சிலந்தி நூல் போன்ற கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வைத்துக்கொள்ளும் லென்ஸ்களை ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை நிற்கும் டிரை கேபினெட்டில் வையுங்கள்.

[திரையில்: விடியற்காலை ஏலம். அடாப்டருடன் கூடிய கேமரா.]

மாறுவதற்கு ஏற்ற மாதம் ஆடி. முகூர்த்தங்கள் இல்லாத அந்த நாட்களில் அடாப்டரோடு காசிமேட்டுக்கு வாருங்கள். குறைந்த வெளிச்சம், ஓயாமல் நகரும் மனிதர்கள், உப்புக் காற்று என மண்டபத்தில் வரக்கூடிய சிரமங்களைவிடக் கூடுதலாகவே இங்கே கிடைக்கும். கூடை தூக்கி எதிரே வருகிறவரைத் தொடர் படங்களாக எடுத்து, எத்தனை படங்களில் கண் தெளிவாக விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். வீடியோ சோதனையை மட்டும் வீட்டில் அமைதியான அறையில் செய்யுங்கள்; கேமராவின் சொந்த மைக்கில் ஃபோகஸ் மோட்டாரின் சத்தம் பதிகிறதா என்று ஹெட்ஃபோனில் கேளுங்கள். லென்ஸை மெல்லத் திருகிப் பார்த்து, அடாப்டரின் இணைப்பில் ஆட்டம் இருந்தால் அந்த அடாப்டரைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இவற்றில் தேறாத லென்ஸை ஆவணி பிறப்பதற்குள் விற்று, அந்தப் பணத்தில் புதிய மவுன்டுக்கான முதல் லென்ஸை வாங்கிவிடலாம்.