1964ஆ, 1965ஆ? பழைய அமெரிக்கக் காசில் வெள்ளியைக் கண்டுபிடிப்பது எப்படி

(திரையில்: இரண்டு கால் டாலர் நாணயங்கள் அருகருகே)

இந்த இரண்டு காசுகளையும் பாருங்கள். இரண்டிலும் ஜார்ஜ் வாஷிங்டன் முகம். இரண்டின் முகமதிப்பும் 25 சென்ட். ஒன்றில் 1964 என்று அடித்திருக்கிறது, மற்றதில் 1965. கடையில் நீட்டினால் இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணுவார்கள். ஆனால் முதல் காசுக்குள் 5.6 கிராம் வெள்ளி இருக்கிறது. இரண்டாவதில் துளியும் இல்லை.

(திரையில்: விளிம்பு, மிக அருகில்)

முகத்தை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். 1965 காசின் ஓரத்தில் செம்பு நிறக் கோடு ஓடுகிறது. நடுவில் செம்பு, இருபுறமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு. 1964 காசின் விளிம்பிலோ அந்தக் கோடு இல்லை. சுற்றிலும் ஒரே வெள்ளி நிறம். தராசும் இதையே சொல்லும். பழையது 6.25 கிராம், புதியது 5.67.

1837 முதல் அமெரிக்க வெள்ளிக் காசுகளில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. 1963இல் வெள்ளி விலை அவுன்சுக்கு 1.29 டாலரைத் தொட்டது. அந்த விலையில் ஒரு வெள்ளி டாலருக்குள் இருக்கும் வெள்ளியே ஒரு டாலர் பெறும். விலை 1.38ஐத் தாண்டினால் சில்லறைக் காசையும் செலவழிப்பதைவிட உருக்குவதே லாபம். மக்கள் காசைப் பதுக்கத் தொடங்கினார்கள். கடைகளில் சில்லறைக்குத் திண்டாட்டம். 1965 ஜூலை 23 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் புதிய நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்து சென்ட், கால் டாலர் காசுகளிலிருந்து வெள்ளி வெளியேறியது. பழைய காசைப் பதுக்குவதால் லாபம் வராது என்று அவர் அன்று சொன்னார். மக்கள் நம்பவில்லை. மக்கள் கணக்குத்தான் சரியாக இருந்தது.

அரை டாலரில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1964 கென்னடி அரை டாலரில் 90 சதவீதம் வெள்ளி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்: 1965 முதல் 1970 வரையிலான அரை டாலர்களில் 40 சதவீதம், அதாவது 4.6 கிராம் வெள்ளி இருக்கிறது.

நிக்கல் கலந்த ஐந்து சென்ட் காசில் வெள்ளியே கிடையாது, ஒரு காலத்தைத் தவிர. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால், 1942 அக்டோபரிலிருந்து 1945 வரை 35 சதவீத வெள்ளி சேர்த்து அடித்தார்கள். காசின் பின்புறம், மான்டிசெல்லோ மாளிகையின் குவிமாடத்துக்கு மேலே பி, டி, எஸ் ஆகிய ஆங்கில எழுத்துகளில் ஒன்று பெரிதாக இருந்தால் அதுதான்.

(திரையில்: கணக்கு)

வெள்ளி விலை நாள்தோறும் மாறும். கணக்குக்காகக் கிராம் ஒரு டாலர் என்று வைத்துக்கொள்வோம். 1964 வரையிலான பத்து சென்ட் காசு 2.25 டாலர் பெறும், கால் டாலர் 5.62, அரை டாலர் 11.25. 24 கிராம் வெள்ளி உள்ள மார்கன் டாலர் என்ற பழைய வெள்ளி டாலர் 24. தேய்ந்த காசில் கொஞ்சம் குறையும். வியாபாரி தன் லாபத்தையும் கழிப்பார்.

இது உலோகத்தின் விலை மட்டும். அரிய காசு என்றால் கதையே வேறு. 1916இல் டென்வரில் அடித்த மெர்குரி பத்து சென்ட் காசுகள் மொத்தம் 2,64,000 மட்டுமே. அதைப் பழைய வெள்ளியோடு சேர்த்து எடைக்குப் போடுவது பெரிய இழப்பு.

எத்தனை அடித்தார்கள் என்பதோடு, எத்தனை பிழைத்தன என்பதும் முக்கியம். முதல் உலகப் போரில் இந்திய மக்கள் ரூபாய் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு நெருக்கினார்கள். பிரிட்டிஷ் அரசிடம் வெள்ளி போதவில்லை. அமெரிக்கா 1918இல் சட்டம் இயற்றி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி கப்பலேறி இந்தியாவுக்கு வந்து ரூபாயானது. எந்தெந்த ஆண்டுக் காசுகளை உருக்கினோம் என்று அவர்கள் எழுதிக்கூட வைக்கவில்லை. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

கடைசியாக ஒன்று. கறுத்த காசைக் கண்டதும், வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் துலக்குவதுபோல் தேய்க்க நம் கை துடிக்கும். தயவுசெய்து வேண்டாம். தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அத்துடன் அதன் மதிப்பு வெகுவாக இறங்கிவிடும். கறுப்போடு அப்படியே ஒரு காகித உறையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள்.