வெள்ளம் வருமுன்

(மும்பை மாதுங்காவில் மகளிர் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் மாநகராட்சிக் கல்வி அதிகாரி அம்மா அவர்களே, பொன்னாடை போர்த்திய மகளிரணித் தோழியரே, தாராவியிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் வந்திருக்கும் தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் ஐயா போன வருஷமும் அழைத்தார். முழங்கால் வலியால் வர முடியவில்லை. மறக்காமல் மறுபடி அழைத்ததற்கு நன்றி.

மூன்று விஷயம் பேச வந்தேன்: வளரிளம் பிள்ளைகளின் நிலவரம் எப்படி மாறுகிறது, பாலியல் கல்வியை எந்த வயதில் தொடங்குவது, கைப்பேசி ஆண்பிள்ளைகளை என்ன செய்கிறது. வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். 2005 ஜூலை 26 பெருவெள்ளத்தைப் பார்த்த மும்பைக்காரர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் தாயானவர்களும் கருவுற்றிருந்தவர்களும் 2015-16இல் நூற்றுக்கு 7.9 பேர். 2019-21இல் 6.8 பேர். குறைந்ததில் சந்தோஷம்தான். ஆனால் அந்த 6.8 பேரும் நம் பிள்ளைகள்.

சரி, எந்த வயதில் தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மதிய இடைவேளைக்குப் பிறகு பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். அதட்டினேன். இன்றைக்கும் அதற்காக வருந்துகிறேன். எல்லோரும் போன பிறகு ஒரு தாளை என் கையில் கொடுத்தாள். “எனக்கு வயித்துல ஏதோ அறுந்துட்டு, நான் செத்துப் போயிருவேன், என் காம்பஸ் பாக்ஸைத் தங்கச்சிக்குக் குடுத்துருங்க டீச்சர்” என்று எழுதியிருந்தது. மூன்று நாளாக அந்தப் பயத்தோடு பள்ளிக்கு வந்திருக்கிறாள். பாவாடைக்குள் பழைய துணியைத் திணித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல். அவள் அம்மாவை அழைத்து, “முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “எங்கம்மையும் எனக்குச் சொல்லலையே டீச்சர்” என்று அழுதார். அப்புறம் என்ன நடந்தது தெரியுமா? இரண்டே வாரத்தில் சடங்கு. திருநெல்வேலியிலிருந்து தாய்மாமன் சீர் வந்தது. தெருமுனையில் அவள் படம் போட்ட பேனர். ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்துச் சொல்கிறோம் அம்மா, அந்தப் பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்வதில்லை!

பத்து, பதினொரு வயதிலேயே பல பிள்ளைகள் வயதுக்கு வந்துவிடுகிறார்கள். மனித இனப்பெருக்கப் பாடமோ இங்கே பத்தாம் வகுப்பு அறிவியலில் வருகிறது. வெள்ளம் வடிந்த பிறகு அணை எதற்கு? இதே மும்பையில் 1921இலேயே கருத்தடை ஆலோசனை மையம் திறந்தவர் ரகுநாத் தோண்டோ கர்வே என்ற கணிதப் பேராசிரியர். அப்படிப்பட்ட மண்ணில், 2007இல் பள்ளிகளில் பாலியல் கல்வி தரும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நிறுத்திய மாநிலங்களில் மகாராஷ்டிராவும் ஒன்று. சொல்லிக் கொடுத்தால் கெட்டுப் போவார்கள் என்ற பயம். அப்படி ஆவதில்லை என்று ஐ.நா.வின் கல்வி அமைப்பான யுனெஸ்கோ, ஆய்வுகளைத் தொகுத்தே சொல்லியிருக்கிறது. வயதுக்கேற்ற அளவில் ஐந்து வயதிலிருந்து தொடங்கலாம் என்பது அவர்களின் வழிகாட்டுதல். ஐந்து வயதில் உடல் உறுப்புகளின் பெயரும், யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பதும் போதும். 2025இல் உச்ச நீதிமன்றமும் ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம் என்றது.

ஆனால் எந்த மொழியில் சொல்வது? மராத்தியிலோ இந்தியிலோ சொன்னால் பிள்ளை தலையாட்டும், சந்தேகம் கேட்காது. வெட்கமும் பயமும் தாய்மொழியில்தான் வாய் திறக்கும். அதனால்தான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளுக்குத் தமிழ் பேசும் பெண் ஆலோசகர் வேண்டும் என்று ஓயாமல் கேட்கிறேன். ஐந்தாம் வகுப்பிலேயே அவர் பேச வேண்டும், ஆண்பிள்ளைகளையும் உட்கார வைத்து. வெள்ளம் வருமுன்!

கைப்பேசி பற்றிப் பேச நேரமில்லை, செயலாளர் மணி அடித்துவிட்டார். வாசலில் மேசைமேல் அந்தத் தமிழ் ஆலோசகரைக் கேட்கும் மனு இருக்கிறது. அதிகாரி அம்மா கிளம்புவதற்குள் அவர் கையில் கொடுக்க வேண்டும். காபிக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். அப்பாமார்களும்தான்.