6,721 வாக்குகளில் பிறந்த சட்டமன்றம்

நேயர்களுக்கு வணக்கம். பிரிட்டிஷ் அரசியல் என்றதும் நமக்குத் தேம்ஸ் கரையிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனிச் சட்டமன்றமும் அரசும் உண்டு. மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் அவற்றின் பொறுப்பு. ராணுவமும் வெளியுறவும் வெஸ்ட்மின்ஸ்டர் வசம். இங்கிலாந்துக்கு மட்டும் தனிச் சட்டமன்றம் கிடையாது.

இவற்றில் என் மனதுக்கு நெருக்கமானது வேல்ஸ். 1979இல் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது, வாக்களித்த ஐந்து பேரில் நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பர் 18 அன்று மறுபடியும் கேட்டார்கள். இரவெல்லாம் எண்ணிக்கை. மொத்தம் 22 பகுதிகள். 21 முடிவுகள் வந்தபோதும் ‘வேண்டாம்’ தான் முன்னிலை. மிச்சமிருந்தது கார்மார்தன்ஷயர் ஒன்றே. அது வந்தது, கணக்கு புரண்டது! பதினோரு லட்சத்துக்கும் மேல் பதிவான வாக்குகளில் வித்தியாசம் 6,721. திரும்பச் சொல்கிறேன், வெறும் 6,721. அதிலும் வாக்காளர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வாக்களிக்க வரவே இல்லை.

இப்படிப் பிறந்தது நிலைக்குமா என்று அன்று கேட்டவர்கள் பலர். நிலைத்தது, ஏனென்றால் அது செய்த வேலை வீட்டு வாசல் வரை வந்தது. மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கான கட்டணத்தை 2007இல் வேல்ஸ் நீக்கியது. இங்கிலாந்தில் இன்றும் பலர் கட்டுகிறார்கள். கடைகளில் பிளாஸ்டிக் பைக்கு 2011இல் காசு வாங்கச் சொன்னது. இங்கிலாந்து அதைச் செய்தது 2015இல். சிறிய இடம் முன்னே போகிறது, பெரிய இடம் பின்னால் வருகிறது. அதிகாரப் பகிர்வின் பெரும் பயன் இதுதான் என்பேன். அதே 2011இல், அதன் பொறுப்பிலுள்ள துறைகளில் சட்டமியற்ற முழு அதிகாரம் தரலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். 63.5 விழுக்காட்டினர் ‘தரலாம்’ என்றார்கள். மக்கள் வாக்கில்லாமல் இந்தச் சட்டமன்றத்தை ஒரேயடியாக ஒழித்துவிட முடியாது என்று 2017இல் வெஸ்ட்மின்ஸ்டரே சட்டத்தில் எழுதி வைத்தது.

நேரம் நெருங்கிவிட்டதால் ஸ்காட்லாந்தை விட்டுவிடுகிறேன். வட அயர்லாந்து பற்றி ஒன்று மட்டும். அங்கே முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் சம அதிகாரம். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவி இழப்பார். 2022 பிப்ரவரியில் அப்படித்தான் நடந்தது. அடுத்த அரசு அமைய 2024 பிப்ரவரி ஆயிற்று. நன்றி, வணக்கம்.