ஆட்டம் புளூயியுடையது

மதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்த பிரிஸ்பேன் வெயிலிலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அரங்கை நிறைத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

"புளூயி தொடர் நம் மனதைப் பிடித்திருப்பது குட்டியின் துள்ளலாலா, பெற்றோரின் பொறுமையாலா?" என்பது தலைப்பு. நான் துள்ளலின் பக்கம் பேச வந்திருக்கிறேன். முழு நம்பிக்கையோடுதான் வந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்காக ஒரு சின்ன அறிமுகம். புளூயி ஆறு வயதுப் பெண் குட்டி. நீல நிறத்தைப் பார்த்துவிட்டுப் பையன் என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. தங்கை பிங்கோவுக்கு நாலு வயது. அப்பா பாண்டிட் தொல்லியல் ஆய்வாளர். அம்மா சில்லி விமான நிலையப் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். எல்லோரும் நாய்கள், ஆனால் சட்டை போடாத மனிதர்கள் மாதிரி வாழ்கிறார்கள். நம் பிரிஸ்பேனிலேயே லூடோ ஸ்டுடியோவில் உருவாகி, 2018 அக்டோபர் 1 அன்று ஏபிசி கிட்ஸ் சேனலில் தொடங்கிய கார்ட்டூன் தொடர் இது. ஒரு எபிசோடு ஏழு நிமிடம். 2024-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் அதிக நேரம் பார்க்கப்பட்ட தொடர் இதுதான். 5,500 கோடி நிமிடங்களுக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கான தொடர்களையும் சேர்த்துத்தான் இந்த முதலிடம்.

இனி எதிரணிக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் அண்ணன் அழகாகப் பேசினார். "பாண்டிட் மாதிரி ஒரு அப்பா கிடைத்தால் எந்தப் பிள்ளையும் துள்ளும்" என்றார். "பார்த்துவிட்டு அழுவது பெரியவர்கள்தானே" என்றார். "தொடரை எழுதியவரே ஒரு அப்பா" என்றார். கடைசியாக, "புளூயி அடங்காத பிள்ளை, பொறுமையான பெற்றோர் இல்லாவிட்டால் அந்த வீடு வீடாக இருக்காது" என்றார்.

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது.

அடங்காத பிள்ளை! புளூயி என்ன இனம் என்று பாருங்கள். புளூ ஹீலர். ஆஸ்திரேலியன் கேட்டில் டாக் என்பது முறையான பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டின் பெரும் பண்ணைகளில் மாட்டு மந்தைகளை வெகுதூரம் ஓட்டிச் செல்வதற்காக, டிங்கோ என்ற ஆஸ்திரேலியக் காட்டு நாயின் ரத்தம் கலந்து உருவாக்கிய இனம். மாட்டின் குதிகாலை, ஆங்கிலத்தில் 'ஹீல்', கவ்வி நகர்த்துவதால்தான் ஹீலர் என்ற பெயர். வளர்ப்பவர்களைக் கேளுங்கள், வேலை இல்லாமல் கட்டிப்போட்டால் தோட்டம் முழுக்கக் குழி தோண்டிவிடும் என்பார்கள். விக்டோரியா மாநிலத்தில் இதே இனத்தில், இதே புளூயி என்ற பெயரில் ஒரு நாய் 1910-லிருந்து 1939 வரை இருந்தது. ஆயுசு 29 வருடம் 5 மாதம். ஏறக்குறைய இருபது வருடம் ஆடு மாடு மேய்த்ததாகச் சொல்கிறார்கள். அந்த இனத்துக்கு ஓட்டம்தான் வேலை. தொடரில் வரும் நம் குட்டிக்கு மேய்க்க மாடு கிடையாது. அதனால் அவள் விளையாட்டை மேய்க்கிறாள். அந்தச் சக்தியைக் குறும்பு என்று ஒதுக்கினால் அவள் செய்யும் வேலை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

அப்படி என்ன வேலை? 'ஷேடோலேண்ட்ஸ்' என்ற எபிசோடைச் சொல்கிறேன். பூங்காவில் பிக்னிக். புளூயியும் அவள் தோழர்கள் கோகோவும் ஸ்னிக்கர்ஸும் ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள். நிழலில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும், வெயில் படுகிற புல்லெல்லாம் ஆபத்து. கொஞ்ச நேரத்தில் கோகோவுக்குக் கஷ்டமாகிவிடுகிறது. "விதியை மாத்திக்கலாமே" என்கிறாள். புளூயி சம்மதிக்கவில்லை. விதி இருந்தால்தான் ஆட்டம். கடைசியில் கப்கேக் இருக்கும் இடத்துக்குப் போக வழியே இல்லை, நடுவில் முழுக்க வெயில். காத்திருக்கிறார்கள். ஒரு மேகம் நகர்ந்து வந்து புல்வெளி முழுக்க நிழல் விரிக்கிறது. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள்.

நடுவர் அவர்களே, இந்த ஆட்டத்தில் எந்தப் பெற்றோர் பொறுமை காட்டினார்? ஆட்டத்தை நடத்தியவள் புளூயி. விதியைக் காப்பாற்றியவள் புளூயி. எல்லா வயதிலும் நாம் தடுமாறுகிற விஷயம் இது. கஷ்டமான இடம் வந்ததும் விதியை வளைக்கலாமா கூடாதா? ஆறு வயதுக் குட்டி அதைப் பிடிவாதத்தோடு யோசித்துப் பார்க்கிறாள். அடங்காத பிள்ளைக்கு விதி மேல் இவ்வளவு மரியாதை வருமா?

அவள் உத்தமப் பிள்ளை என்று நான் சொல்லவில்லை. முதல் எபிசோடிலேயே, எல்லோரையும் உறைய வைக்கும் மாய சைலபோன் கையில் கிடைத்ததும் தங்கைக்கு முறை கொடுக்காமல் தானே வைத்துக்கொள்கிறாள். துள்ளுகிற பிள்ளை தப்பும் செய்யும். தப்பு செய்கிற இடத்திலேயே கற்றும் கொள்ளும். மூலையில் அமைதியாக உட்கார வைத்த பிள்ளைக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். பாண்டிட் நல்ல அப்பா. அதை மறுத்து எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அவர் எதில் நல்லவர் என்று பாருங்கள். எதிரணித் தலைவர் 'பைக்' எபிசோடைச் சொன்னார் அல்லவா? அதையே எடுத்துக்கொள்கிறேன். புளூயிக்கு சைக்கிள் வரவில்லை. கோபத்தில் விட்டுவிடுகிறாள். அப்பாவும் மகளும் உட்கார்ந்து பூங்காவில் இருக்கும் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பிங்கோவுக்குத் தண்ணீர்க் குழாய் எட்டவில்லை. பென்ட்லி என்ற குட்டிக்குத் தொங்கு கம்பி எட்டவில்லை. சித்தப்பா மகள் மஃபினுக்கு முதுகுப் பையை மாட்டிக்கொள்ளத் தெரியவில்லை. மூன்று பேரும் விழுந்து, அழுது, சுற்றிச் சுற்றி வந்து, ஆளுக்கொரு வழி கண்டுபிடிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் புளூயி எழுந்து மறுபடி சைக்கிளிடம் போகிறாள்.

பாண்டிட் என்ன செய்தார்? பக்கத்தில் இருந்தார். போதும், அது பெரிய விஷயம்தான். ஆனால் கற்றுக்கொடுத்தது அந்தச் சின்னப் பிள்ளைகளின் முட்டி மோதல். அந்த எபிசோடில் நம் கண் அப்பா முகத்தில் நிற்பதில்லை. பிங்கோ தலையில் தண்ணீர் கொட்டும்போது சிரிக்கிறோம், மஃபின் பையோடு மல்லுக்கட்டும்போது நாமும் மனதுக்குள் பையை மாட்டுகிறோம். மனதைப் பிடிப்பது எது என்பதுதானே நடுவர் அவர்களே தலைப்பு?

'ரெயின்' எபிசோடை எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கைகளைப் பார்க்கிறேன், நிறைய பேர். அதில் வசனமே அநேகமாக இல்லை. மழை கொட்டுகிறது. வாசல் பாதையில் ஓடும் தண்ணீரைத் தடுக்கப் புளூயி அணை கட்டப் பார்க்கிறாள். கையை வைக்கிறாள், நிற்கவில்லை. ஈரக்காலோடு வீட்டுக்குள் ஓடி ஏதாவது எடுத்து வருகிறாள். தரையெல்லாம் சேற்றுத்தடம். சில்லி துடைக்கிறார், அலுத்துக்கொள்கிறார், மறுபடி துடைக்கிறார். இந்த இடத்தைக் கவனியுங்கள், அம்மாவிடம் பொறுமை தீர்ந்துதான் போகிறது! நம் வீட்டில் நடப்பதுதான் அங்கும் நடக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை விடாமல் அணை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா, கடைசியில் தானே மழையில் இறங்கிவிடுகிறார். அம்மாவின் பொறுமை பிள்ளையை மாற்றவில்லை. பிள்ளையின் துள்ளல் அம்மாவை வாசலுக்கு இழுத்தது. தலைப்புக்கு இதைவிட நேரான சாட்சி என்னிடம் இல்லை.

அடுத்து, "எழுதியவர் ஒரு அப்பா" என்ற வாதம். உண்மை. ஜோ புரூம் குவின்ஸ்லாந்துக்காரர், லண்டனில் அனிமேஷன் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், இரண்டு பெண் பிள்ளைகளின் அப்பா. ஆனால் அவர் எதைப் பார்த்து எழுதினார்? தன் பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்து. மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவளிடமிருந்து விளையாட்டு சட்டென்று பறிக்கப்பட்டதையும், அதனால் பிள்ளை வாடிப்போனதையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தத் தொடரின் வேர் அங்கே இருக்கிறது. புளூயி படிக்கும் பள்ளியைப் பாருங்கள், ஆசிரியை கலிப்ஸோ சுற்றி வருகிறார், பிள்ளைகள் பாட்டுக்கு ஆடுகிறார்கள். எழுத்துப் பாடமோ கணக்குப் பாடமோ முன்னால் வந்து நிற்பதில்லை. அகரம் கற்றுத் தரும் கார்ட்டூன்கள் நிறைய உண்டு. இவர் வேண்டுமென்றே அந்த வழியை விட்டார். கூடுதலாக ஒன்று: புளூயிக்கும் பிங்கோவுக்கும் குரல் கொடுப்பது தயாரிப்புக் குழுவினரின் வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பெயரைக்கூட வெளியிடுவதில்லை. பாண்டிட்டாகப் பேசும் டேவிட் மெக்கார்மக் பெயர் தெரிந்த பாடகர். பெயர் தெரியாத பிள்ளைகளின் குரல்தான் உலகம் முழுக்க நம் பிள்ளைகள் வாயில் ஒலிக்கிறது.

பெரியவர்கள் ஏன் அழுகிறார்கள்? எதிரணியின் பலமான கேள்வி இது. 2024 ஏப்ரலில் வந்த 'தி சைன்', 28 நிமிட நீள எபிசோடு, வீட்டை விற்று ஊர் மாறுவதா என்ற கதை. நாடு விட்டு நாடு வந்து குடியேறிய நாம் அதைப் பார்த்துக் கலங்காமல் இருக்க முடியாது. அதை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கலங்கியது அப்பாவின் முடிவுக்காக இல்லை. இந்த வீட்டை, இந்த வராந்தாவை, இந்தத் தோழிகளை விட மாட்டேன் என்று முட்டி நிற்கும் குட்டிக்காக. பெரியவர்கள் கணக்குப் போட்டு அடக்கிவைத்திருக்கும் துக்கத்தை அவள் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறாள்.

இன்னும் ஒரு எபிசோடு. 'காப்பிகேட்'. காலையிலிருந்து புளூயி அப்பா செய்வதையெல்லாம் அப்படியே செய்து காட்டிக்கொண்டிருக்கிறாள். நடந்து போகும் வழியில் அடிபட்ட ஒரு பட்ஜி கிளி கிடக்கிறது. கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். கிளி இறந்துவிடுகிறது. அப்பா அதை மறைக்காமல் சொல்கிறார். இதுவரை எதிரணிக்கு மதிப்பெண் போடுங்கள், நியாயம்தான். வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? காலையில் நடந்ததையே ஆட்டமாக ஆட வேண்டும் என்கிறாள் புளூயி. பிங்கோதான் கிளி. ஆட்டத்திலாவது கிளி பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எந்தப் பெரியவருக்கும் தோன்றும். புளூயி விடவில்லை. கிளி சாக வேண்டும், நடந்தது அதுதானே. அதை அப்படியே ஆடி முடிக்கிறாள்.

அவளுக்கு யாரும் ஆறுதல் சொல்லித் தீர்க்கவில்லை ஐயா. தான் பார்த்த முதல் மரணத்தைத் தானே கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, தனக்குப் புரிகிற அளவுக்கு ஆக்கிக்கொண்டாள். அதற்கு அவளிடம் இருந்த கருவி விளையாட்டு ஒன்றுதான். அன்று வீட்டில் யாராவது "போதும், இந்த ஆட்டம் வேண்டாம்" என்று அடக்கியிருந்தால் அந்தத் துக்கம் எங்கே போயிருக்கும்?

எனக்கு இதில் ஒரு கவலையும் உண்டு, அதையும் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் பொறுமைதான் எல்லாம் என்று சொல்லச் சொல்ல, பாண்டிட் மாதிரி நான் இல்லையே என்று இரட்டை வேலை பார்த்துவிட்டு வரும் அப்பாக்கள் கூனிப் போகிறார்கள். இரவு ஷிப்ட் முடித்து வரும் அம்மாக்கள் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அரங்கிலேயே அப்படிப்பட்டவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் நான் சொல்வது: ஆட்டத்தை உண்டாக்கும் வேலையை உங்கள் பிள்ளை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறாள். சோபா மெத்தையை இழுத்துப் போட்டிருக்கிறாளே, அது கப்பலாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம். என்னவென்று கேளுங்கள், உங்களுக்கு ஒரு வேஷம் தருவாள். களைப்பாக இருந்தால் நோயாளி வேஷம் வாங்கிக்கொண்டு படுத்துக்கொள்ளுங்கள். அதுவும் விளையாட்டில் சேர்ந்ததுதான்.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் தங்கையிடம் ஒரே ஒரு கேள்வி. பாண்டிட்டும் சில்லியும் இருக்கட்டும், அதே பொறுமையோடு இருக்கட்டும். புளூயியை மட்டும் சோபாவில் கைகட்டி உட்கார வைத்துவிட்டு, அந்த ஏழு நிமிடத்தில் நமக்கு என்ன காட்டுவீர்கள்? பதிலைக் கேட்டுவிட்டு நடுவர் ஐயா தீர்ப்புச் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.