கண்ணைக் கசக்கும் பிள்ளைகள்

வணக்கம் நேயர்களே.

போன சோளகக் காலத்தில் ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தா. பெடியனுக்கு வயது 16. கைப்பையைத் திறந்து மூன்று மூக்குக்கண்ணாடிகளை மேசையில் வரிசையாக வைத்தா. "ஒண்டரை வருசத்துக்குள்ள மூண்டு, டொக்டர். எல்லாம் இந்தப் போன் பாக்கிறதாலதான்." அவ சொல்லி முடிக்கும்வரை அவன் மடக்கிய விரல் மொளியால் வலக்கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். விளக்கை அடித்துப் பார்த்தேன். கண்மணிக்குள் தெரிகிற செவ்வொளி, கத்தரிக்கோலின் இரண்டு அலகு போலத் திறந்து மூடியது.

இது போனால் வருகிற வருத்தம் இல்லை. கெரற்றோகோனஸ்.

கண்ணின் முன்பக்கத்தில், கைக்கடிகாரத்துக் கண்ணாடி போல, விழிவெண்படலம் இருக்கிறது. நடுவில் அதன் தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இந்த வருத்தத்தில் அது மெலிந்து கூம்பாக முன்தள்ளும். எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்துத் தெரியும். இரவில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் விளக்குச் சிதறும். பெரும்பாலும் பருவ வயதில்தான் தொடங்குகிறது. பரம்பரைக்கும் பங்குண்டு. ஒவ்வாமையால் கண் கடித்து, ஓயாமல் கசக்கும் பிள்ளைகளில் இன்னும் விரைவாகக் கூடும்.

இதைத் தடுத்து நிறுத்த இன்று வழி இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் உருவாகி, நோயாளிகளில் கண்ட பலன் 2003இல் வெளியான 'குரொஸ் லிங்கிங்' சிகிச்சை அது. கண்ணை மரக்கச் செய்து, படலத்தின் மேல்தோலை நீக்கி, ரைபோஃபிளேவின், அதாவது விற்றமின் பி2 சொட்டுகளை அரை மணித்தியாலம் விடுவோம். பிறகு புற ஊதாக் கதிர் பாய்ச்சுவோம். பழைய முறையில் அதற்கும் அரை மணித்தியாலம். இப்போதைய கருவிகளில் குறைவு. தளர்ந்த வேலிக்குக் குறுக்கே வரிச்சுப் பிடித்துக் கட்டினால் எப்படி இறுகும்? படலத்தின் நார்கள் அப்படித்தான் ஒன்றோடொன்று பிணைகின்றன. இரண்டு மூன்று நாள் நோவும் கண்ணீரும் இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இழந்த பார்வையை இது முழுதாகத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். கண்ணாடியோ கடின கொன்ராக்ற் லென்ஸோ பிறகும் தேவைப்படலாம். படலம் மிக மெலிந்துவிட்டால் வழமையான முறையில் இதைச் செய்யவும் முடியாது. கடைசியில் விழிவெண்படல மாற்றுச் சத்திரசிகிச்சைதான். அதற்குத் தேவையான தானக் கண்களை வெளிநாடுகளுக்கும் அனுப்புகிற நாடு எங்கள் இலங்கை, உண்மைதான். ஆனால் 16 வயதில் ஒட்டிய படலத்தை உடல் எப்போது நிராகரிக்குமோ என்ற பயம் ஆயுள் முழுக்க இருக்கும்.

அந்தத் தாயும் கேட்டா: "ஓ.எல் சோதினை முடியட்டுமே?" வேண்டாம் அம்மா, என்றேன். இந்த வயதில் சில மாதங்களுக்குள்ளேயே கூம்பு கூடிவிடலாம்.

கண் கடித்தால் குளிர்ந்த ஈரத்துணியை மூடிய இமைமேல் வையுங்கள். மருந்துக்கடையில் தானாக ஸ்ரெரொயிட் சொட்டு வாங்கி விடாதீர்கள். கண் அமுக்கம் கூடும். கண்ணாடி இலக்கம் அடிக்கடி மாறும் பிள்ளைக்கு விழிவெண்படல வரைபடப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். வரும்போது பழைய கண்ணாடிகளையும் எடுத்து வாருங்கள். அந்தத் தாய் மேசையில் வைத்த மூன்றும்தான் எனக்கு முதலில் வழி காட்டின.