வெங்காயத்தை வெட்ட முன்னம்

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்கிற ஒருவர் தன் கிணற்றுத் தண்ணியைச் சோதிக்கக் கொண்டுவந்தால் முதலில் கேட்பது, "பூச்சிமருந்து இருக்கோ, இல்லையோ?" என்றுதான். ஆய்வுகூடம் அப்படிப் பதில் சொல்லாது. எவ்வளவு என்று சொல்லும். அதுவும் கருவிக்கு எட்டிய அளவுக்குத்தான்.

குடிநீரில் ஒரு பீடைகொல்லிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கிற எல்லை, லீற்றருக்கு 0.1 மைக்கிரோகிராம். 10,000 லீற்றர் பௌசர்கள் 1,000 நிறையத் தண்ணியில் 1 கிராம் நஞ்சு கலந்தால் வருகிற அளவு அது. எங்கள் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் குழியுமாக. மேலே தெளித்தது நன்றாக வடிபடாமலே கீழே இறங்கக்கூடும். அதனால்தான் இவ்வளவு நுணுக்கமாகத் தேட வேண்டியிருக்கிறது.

பிழை போத்தலிலேயே தொடங்கிவிடும். சில மருந்துகள் பிளாஸ்ரிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கபில நிறக் கண்ணாடிப் போத்தலும் ஐஸ் பெட்டியும் வேண்டும். பழைய சோடாப் போத்தலைத் திருப்பி அனுப்பினால் கோபிக்காதேங்கோ.

மரக்கறிக்கு 2003இல் வெளிவந்த ஒரு முறை இன்று உலகெங்கும் வழக்கம். அரைத்த மரக்கறி 10 கிராம், அசற்றோநைத்திரைல் என்ற கரைப்பான் 10 மில்லிலீற்றர், மக்னீசியம் சல்பேற்று, உப்பு. போட்டுக் குலுக்கினால் மருந்து பிரிந்து கரைப்பானோடு மேலே வரும். கேட்க இலகு. ஆனால் எங்கள் சின்ன வெங்காயம் இருக்கிறதே, அது ஆய்வாளரையும் அழவைக்கும்! வெட்டிய உடனே அதன் நொதியம் வேலைசெய்து கந்தகச் சேர்வைகளை உண்டாக்கும். பொருட்களை ஆவியாக்கிப் பிரித்துக் காட்டுகிற வாயுக் குரோமற்றோகிராபியின் வரைபில், மருந்தின் முகடு வரவேண்டிய இடத்தில் அவை வந்து நிற்கும். இல்லாத மருந்து இருப்பதுபோலத் தெரியும், இருக்கிறது மறையும். அதனால் வெட்ட முன்னம் வெங்காயத்தை மைக்கிரோவேவில் சூடாக்கி நொதியத்தைச் செயலிழக்கச் செய்வார்கள். அந்தச் சூட்டில் மருந்தும் போய்விட்டதோ என்று பார்க்க, மருந்தில்லாத வெங்காயத்தில் தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்து, அதையும் அதே வழியில் சோதிப்பார்கள். 70 முதல் 120 சதவீதம் வரை திரும்பக் கிடைத்தால் ஏற்பார்கள்.

அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்றிருந்தால், எந்த அளவுக்குக் கீழே என்று கேளுங்கோ. கிளைபோசேற்று என்ற களைகொல்லி மேலே சொன்ன குலுக்கும் முறையில் அகப்படாது, அதற்குத் தனிச் சோதனை.

உடம்பில் அளப்பது இன்னும் சிக்கல். மருந்தடிப்பவரின் இரத்தத்தில் கோலினெஸ்ரறேஸ் (சில பூச்சிமருந்துகள் தாக்குகிற ஒரு நொதியம்) குறைந்ததா என்று சொல்ல, தெளிக்கத் தொடங்க முன்னம் எடுத்த அளவும் வேண்டும். அது ஆளுக்கு ஆள் வேறுபடும். குளோர்பைரிபோஸ் என்ற பூச்சிமருந்து உடம்பில் உடைந்து சிறுநீரில் வெளியேறும். அதே உடைபொருள் மரக்கறியிலும் ஏற்கனவே இருக்கலாம், சாப்பாட்டோடு உள்ளே போயிருக்கலாம். அதனால் சிறுநீரை மட்டும் வாங்கமாட்டார்கள். முந்திய நாட்களில் என்ன தெளித்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுதித் தரச் சொல்வார்கள்.